தங்கவயல் தூசியும் சிலிகோசிஸ் ஆராய்ச்சியின் வளர்ச்சியும்

ஒரு நோயின் காரணம் இன்னதென்று அறிந்துவிட்டால் அதைத் தீர்க்கும் ஔஷதமும் தொடர்ந்து கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கை வைத்திய சாஸ்திரத்தில் ஆழ வேரூன்றியது. கிருமிகளால் உண்டாகும் நோய்களைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலித்தும் இருக்கிறது. பாறைத் தூசியைச் சுவாசிப்பதால் விளையும் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயோ இதற்கு விலக்காக நிற்கிறது. 1556இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்க நூலிலேயே தூசியின் கேடு பேசப்பட்டிருக்க, அது சரீரத்துக்குள் எந்த வழியாகத் தன் நாசவேலையைச் செய்கிறது என்பது அண்மைக் காலத்தில்தான் தெளிவாக விளங்கலாயிற்று. முழுக் குணமளிக்கும் மருந்தோ இன்றளவும் அமையவில்லை. காரணத்துக்கும் மருந்துக்கும் நடுவே கிடந்த இந்த நெடிய இடைவெளியை விஞ்ஞானம் எவ்வாறு கடந்து வந்தது என்பதையும், அந்தச் சரித்திரத்தில் கோலார் தங்கவயலுக்கு உரிய ஸ்தானம் எது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கெல்லையில் சுரங்கத் தொழிலை மேற்கொண்டது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது வரையிலான 120 ஆண்டுகளில், வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த மக்கள், பெரும்பாலும் தமிழ் பேசும் ஆதிதிராவிடக் குடும்பத்தினர், தலைமுறை தலைமுறையாக அந்தப் பாறைக்குள் இறங்கி உழைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தைத் தொட்டது. அந்த ஆழம் பௌதிக விஞ்ஞானிகளுக்கு ஓர் அரிய வாய்ப்பாக அமைந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் சுவடு 1965இல் அங்கே பதிவானது உலகம் முழுவதும் புகழ்ந்து பேசும் செய்தி. அதே நிலத்தடியில் மற்றோர் ஆராய்ச்சிக்கும் விதை விழுந்தது என்பதைச் சொல்வோர் குறைவு. மனித சுவாசத்தைப் பற்றிய அந்த ஆராய்ச்சிக்கு நியூட்ரினோவுக்குக் கிட்டிய கௌரவத்தில் ஒரு பங்கேனும் கிட்டியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

தங்கம் அங்கே குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லின் நரம்புகளில் கலந்து கிடந்தது. குவார்ட்ஸ் என்பது படிகமான சிலிக்காவே. அழுத்தக் காற்றால் இயங்கும் எந்திரத்தால் பாறையில் துளையிடும்போதும், வெடி வைத்துத் தகர்க்கும்போதும், தகர்த்ததை வாரித் தள்ளும்போதும் எழும் தூசியில் கண்ணுக்குப் புலப்படும் பருக்கைகள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி வெளியேறிவிடும். மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்களே நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை சென்று சேர்கின்றன. ஆகவே கண்ணுக்குத் தெரியாத தூசியே அதிகக் கேடுடையது. காற்று தெளிந்துவிட்டது என்று எண்ணி வெடித்த இடத்துக்குள் நுழைகிற தொழிலாளி அந்தத் தெளிவிலேயே ஏமாறுகிறான். நீர் பாய்ச்சித் துளையிடுவதும், காற்றோட்டத்தைப் பெருக்குவதும் இதற்குக் கண்ட பரிகாரங்கள். சுரங்கம் ஆழமாக ஆழமாக உஷ்ணமும் ஏறியதால் அவற்றைச் செவ்வனே நடத்துவது மேன்மேலும் கடினமாயிற்று.

1930இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய சர்வதேச சிலிகோசிஸ் மாநாடு, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு இந்நோயின் இலக்கணத்தையும் எக்ஸ்ரே படத்தில் அதைப் படிப்படியாக இனங்காணும் முறையையும் உலகுக்கு வகுத்துக் கொடுத்தது. தங்கவயலில் இந்நோய் உண்டென்ற மருத்துவக் குறிப்புகள் 1930களிலேயே தோன்றின. எனினும் அதன் பரிமாணத்தை உள்ளபடி காட்டியது, அங்கே மருத்துவ அதிகாரியாயிருந்த ஆந்தனி காப்லன், பர்டன் என்பவருடன் சேர்ந்து நடத்தி 1947இல் வெளிவந்த ஆய்வேயாகும். பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேருக்கு சிலிகோசிஸ் இருப்பது தெரியவந்தது. இந்திய மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாகப் பாடநூலில் படித்துவரும் எண்ணிக்கை இது. பாடநூலில் ஒரே வரியாகக் கடந்துபோகும் இந்த எண்ணுக்குப் பின்னால், உரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் கூலி லைன்களில் வாழ்ந்த, மாடிப்படி இரண்டு ஏறினாலே மூச்சிரைக்கும் அல்லது இனி அந்நிலைக்கு வரவிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிற்கிறார்கள் என்பதை ஆய்வாளன் மறக்கலாகாது.

அந்நாளில் விஞ்ஞானிகள் கொண்டிருந்த கருத்து வேறு. சிலிக்கா நீரில் மிகச் சிறிதளவு கரைந்து சிலிசிக அமிலமாகி, அந்த அமிலமே விஷமாய்த் திசுக்களைக் கெடுக்கிறது என்று நம்பப்பட்டது. இங்கிலாந்தில் கை என்பவரும் கெட்டில் என்பவரும் 1922இல் செய்த சோதனைகள் இக்கொள்கைக்கு வலுவூட்டியதோடு, சிலிக்கா புகுந்த திசுவில் க்ஷயரோகக் கிருமி வெகு வேகமாகப் பெருகுகிறது என்னும் முக்கியமான உண்மையையும் வெளிப்படுத்தின. தூசியும் க்ஷயமும் கைகோத்து வருவதைச் சுரங்க வைத்தியர்கள் ஏற்கனவே கண்டிருந்தார்கள். இப்போது அதற்குச் சாஸ்திர ஆதாரம் கிடைத்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ரசாயன சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நோயாளியை சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்கு நிரூபித்தபோது, தூசி நோயாளியின் இரட்டைச் சுமையில் ஒரு பாதியையேனும் இறக்கிவைக்க வழி பிறந்தது.

மற்றப் பாதியின் மர்மம் அவிழ்வதற்கு ஜீவகோசத்தின் உள்ளமைப்பைப் பற்றிய அறிவு முன்னேற வேண்டியிருந்தது. உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருள்களை விழுங்கிச் செரிக்கும் மாக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கிக் கோசங்களை மெச்னிகாஃப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டு விளக்கியிருந்தார். அக்கோசத்துக்குள் செரிமான நொதிகளைச் சவ்வுக்குள் அடக்கிவைத்திருக்கும் லைசோசோம் என்னும் நுண்பைகளை 1955இல் கிறிஸ்டியன் டி டுவே கண்டறிந்தார். இவ்விரண்டையும் இணைத்து 1966இல் ஆலிசன், ஹாரிங்டன், பிர்பெக் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. பெருவிழுங்கி சிலிக்காத் துகளை விழுங்குகிறது. துகளின் புறப்பரப்பு நுண்பையின் சவ்வைக் கிழிக்கிறது. வெளிப்பட்ட நொதிகள் கோசத்தையே உள்ளிருந்து அழிக்கின்றன. கல் கரைந்து விஷமாகிறது என்ற பழைய கொள்கை இத்துடன் சாய்ந்தது. கரையாத கல்லே, தன் புறப்பரப்பாலேயே, கொல்கிறது என்பது தெளிவாயிற்று. அடுத்த ஆண்டே ஹெப்பிள்ஸ்டனும் ஸ்டைல்ஸும், சிலிக்காவை விழுங்கிய பெருவிழுங்கிகளிலிருந்து வெளிவரும் ஏதோ ஒரு பொருள் நார்த்திசு கோசங்களைத் தூண்டி கொலாஜன் புரதத்தை உற்பத்தி செய்ய வைக்கிறது என்று காட்டினார்கள். நுரையீரலில் ஏற்படும் தழும்பு கல்லின் நேரடி வேலையன்று, கோசங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தியின் விளைவு என்னும் எண்ணம் இங்கே பிறந்தது.

இதற்கிடையில் காப்லன் தங்கவயலை விட்டு வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகருக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்து வந்தார். மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாயிட் வாதம் உடையவர்களின் மார்புப் படங்களில், வழக்கமான தூசிப் புள்ளிகளிலிருந்து வேறுபட்ட பெரிய உருண்டைக் கணுக்கள் காணப்படுவதை அவர் 1953இல் விவரித்தார்; காப்லன் லட்சணக்கூட்டு என்று அவர் பெயராலேயே அது இன்று வழங்குகிறது. மூட்டு வாதமோ உடலின் தற்காப்புச் சக்தி தன்னையே தாக்குவதால் வரும் நோய். நுரையீரலில் படிந்த தூசிக்கும் உடல் முழுவதையும் ஆளும் தற்காப்பு அமைப்புக்கும் உள்ளுறவு உண்டென்று இக்கண்டுபிடிப்பு உணர்த்திற்று. கோலாரில் ஆயிரக்கணக்கான மார்புப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்தான் கார்டிஃபில் அந்த வேறுபாட்டைப் பிடித்தது என்று ஊகிப்பது தவறாகாது.

அந்த உள்ளுறவுக்கு மூலக்கூறு அளவிலான விளக்கம் வருவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 2002இல் ஸ்விட்சர்லாந்தின் லௌசான் நகரில் யூர்க் சோப் என்பவரின் குழுவினர், ஆபத்தை உணர்ந்ததும் பல புரதங்கள் ஒன்றுகூடி அழற்சியை மூட்டிவிடும் இன்ஃப்ளமசோம் என்னும் புரதக் கூட்டமைப்பை விவரித்தார்கள். 2008இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதை சிலிக்காவுடன் பொருத்திக் காட்டின. துகளால் நுண்பை கிழிந்ததும் கதெப்சின் பி என்னும் நொதி கசிகிறது, என்.எல்.ஆர்.பி.3 என்னும் புரதம் விழித்தெழுகிறது. காஸ்பேஸ்-1 என்னும் நொதி இயங்கி, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதை முதிரச் செய்து வெளியே அனுப்புகிறது. தொடர்ந்து டி.ஜி.எஃப். பீட்டா போன்ற தூதுகள் எழுந்து நார்த்திசுவை வளர்க்கின்றன. ஆலிசன் 1966இல் கண்ட கிழிசலும், ஹெப்பிள்ஸ்டன் 1967இல் பெயர் தெரியாது சுட்டிய பொருளும், காப்லன் 1953இல் உணர்த்திய தற்காப்புக் கலக்கமும் இவ்வாறு ஒரே பாதையின் மூன்று இடங்களாக அமைந்துவிட்டன.

இப்பாதை அறியப்பட்டதால் தங்கவயல் குடும்பங்கள் நெடுநாள் கேட்டுவந்த ஒரு கேள்விக்கும் விடை கிடைத்தது. சுரங்கத்தை விட்டு வந்து பல வருஷங்கள் ஆகியும் நோய் ஏன் முற்றிக்கொண்டே போகிறது? செத்த பெருவிழுங்கியினின்று கல் சிதையாமல் வெளிப்படுகிறது. அதை மற்றொரு பெருவிழுங்கி வந்து விழுங்கி அதே கதியை அடைகிறது. தூசி புகுவது நின்றாலும் உள்ளே புகுந்த தூசியின் வேலை நிற்பதில்லை. சுரங்கம் மூடப்பட்டதுடன் நோயும் மூடப்பட்டது என்று எண்ணியோரின் கணக்கு இதனால் பொய்யாகிறது.

கல்லின் பக்கமும் ஆராய்ச்சி நடந்தது. புதிதாக உடைந்த குவார்ட்ஸ், பழைய தூசியைவிட அதிகக் கேடுடையது என்றும், உடைந்த முகத்தில் சுதந்திர ராடிகல்கள் என்னும் வேட்கை மிகுந்த மூலக்கூறுகள் தோன்றுவதே அதன் காரணமென்றும் அமெரிக்காவில் வல்லியத்தனும் அவரோடு உழைத்தவர்களும் 1988இல் காட்டினார்கள். துளையிடும் எந்திரத்தின் பின்னால் நிற்பவன் அப்போதைக்கப்போது உடையும் கல்லையே சுவாசிக்கிறான் என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். 2020இல் இத்தாலிய விஞ்ஞானிகள் முதலானோர் இன்னும் நுணுகிச் சென்று, கல்லின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்த சிலனால் என்னும் ரசாயனத் தொகுதிகளே சவ்வைத் தாக்குகின்றன என்று நிறுவினார்கள்.

சிகிச்சையின் சரித்திரத்தில் மகிழ்ச்சிக்கு இடம் குறைவு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1943 முதல் 1979 வரை, சிலிக்காவை மூடிவிடும் என்ற எண்ணத்தில் அலுமினியத் தூளைத் தொழிலாளர்கள் சுவாசிக்குமாறு செய்தார்கள். பயன் விளையாததோடு, பார்க்கின்சன் என்னும் நரம்பு நோய்க்கும் அத்தூளுக்கும் தொடர்புண்டென்று பிற்காலத்தில் கண்டு, 2022இல் அம்மாகாண அரசு அதைத் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியில் ஷ்லிப்கோட்டர் முயன்ற பாலிவினைல் பிரிடின் என்-ஆக்ஸைடு என்னும் பொருள் கல்லின் சிலனால் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு பிராணிகளைக் காத்தது. சீனாவில் மனிதருக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குத் தீங்கு வருமோ என்ற அச்சம் அதன் பரவலைத் தடுத்துவிட்டது. நார்த்திசுக் கோசங்களைத் தூண்டும் டைரோசின் கைனேஸ் நொதிகளைத் தடுக்கும் நின்டெடனிப் என்னும் மருந்து, பல்வேறு காரணங்களால் நுரையீரல் தழும்பு பெருகிவந்த 663 பேரிடம் சோதிக்கப்பட்டு 2019இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெறாதோருக்கு ஆண்டொன்றில் சுவாசக் கொள்ளளவு 188 மில்லிலிட்டர் குறைந்த இடத்தில், மருந்து பெற்றோருக்கு 81 மில்லிலிட்டரே குறைந்தது. சரிவைத் தாமதப்படுத்துமே தவிர இழந்ததை மீட்பதில்லை. இன்டர்லூகின்-1 தூதைத் தடுக்கும் அனகின்ரா என்னும் ஊசி மருந்து ஒரு சிலிகோசிஸ் நோயாளிக்கு நலம் தந்ததாக இத்தாலிய வைத்தியர்கள் அறிவித்திருக்கிறார்கள், என்.எல்.ஆர்.பி.3 புரதத்தையே முடக்கும் மூலக்கூறு 2015இல் வெளியிடப்பட்டு, அவ்வகை மருந்துகள் பிற அழற்சி நோய்களுக்காகப் பரிசோதனையில் உள்ளன. பாதையை அறிந்ததன் முதற்பலன்கள் இவை. அவை கல்லுடைப்போரைச் சென்றடைய வேண்டுமானால், சிலிகோசிஸ் நோயாளிகளையே முன்னிறுத்தி விரிந்த பரிசோதனைகளை இந்தியாவில் நடத்தியாக வேண்டும். நோயாளிகள் மிகுந்த தேசமே அந்தப் பொறுப்பை ஏற்பதுதான் நியாயம்.

அதற்கு முன்னோடியாக, நோயை முற்றுமுன் கண்டறியும் வழி இங்கேயே உருவாகியிருக்கிறது. 1990இல் தங்கவயலைப் பதிவு அலுவலகமாகக் கொண்டு தோன்றிய தேசிய சுரங்கத் தொழிலாளர் ஆரோக்கிய நிலையம், பின்னர் நாகபுரிக்கு இடம்பெயர்ந்து, 2019இல் ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. அந்நிறுவனத்தார், சுவாசக் குழாயின் உட்சுவரிலுள்ள கிளப் கோசங்கள் சுரக்கும் சி.சி.16 என்னும் புரதம் சிலிக்காவால் அக்கோசங்கள் சேதமுறும்போது இரத்தத்தில் குறைவதை ஆதாரமாகக் கொண்டு, சில துளி இரத்தத்திலேயே அதை அளக்கும் எளிய சோதனைப் பெட்டியை உருவாக்கியுள்ளார்கள். எக்ஸ்ரே படத்தில் புள்ளி விழுவதற்கு முன்பே கேட்டை அறிவிக்கக்கூடிய இச்சோதனை, ராஜஸ்தானத்துக் கல்லுடைப்போருக்கும் தமிழ்நாட்டுக் கருங்கல் குவாரிகளில் இன்றும் துளையிடுவோருக்கும், தங்கவயலில் முதுமையெய்திய பழைய தொழிலாளருக்கும் அவரவர் ஊரிலேயே, அரசாங்க ஆஸ்பத்திரியில், செலவின்றிக் கிடைக்குமாறு செய்வது மாநில அரசுகளின் கையில் இருக்கிறது.