திருமுதுகுன்றத்தின் மதிலும் சூளையும்

விருத்தாசலத்தில் கோட்டை எங்கே என்று வெளியூர் நண்பர்கள் கேட்டால், கோயிலின் வெளிமதிலைக் காட்டுவேன். ஐரோப்பாவில் சின்னஞ்சிறு ஊர்களில்கூடப் பிரபுக்கள் தங்களுக்கென்று கோட்டை கட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊருக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. சண்டை வந்தபோது விருத்தகிரீஸ்வரர் கோயிலே கோட்டையாக நின்றது.

மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் இந்தத் தலத்தை அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடியிருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் ஊரின் பெயர் திருமுதுகுன்றம். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். கணவர் மறைந்த பிறகு ஊர் ஊராகப் பழைய கோயில்களைக் கல்லாக்கியவர் அவர். சோழர் கை தளர்ந்த காலத்தில் இந்தப் பக்கம் தலையெடுத்த காடவராயர்களும் தங்கள் கல்வெட்டை இங்கே விட்டுச்சென்றார்கள். கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. அந்தக் கல்லைச் செதுக்கிய தச்சர் பெயரைத் தேடித் தேடி நான் அலுத்துவிட்டேன்.

18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதினார்கள். முன்னவருக்கு ஆங்கிலேயர் துணை; பின்னவருக்குப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் துணை. கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில் எங்கள் ஊர் இருந்ததால், உயர்ந்த மதில் கொண்ட கோயில் இரு தரப்புக்கும் தேவைப்பட்டது. 1751இல் சந்தா சாகிபின் ஆட்களிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். அதே ஆண்டு பக்கத்துப் பாளையக்காரர் ஒருவரின் படை கோயிலை முற்றுகையிட்டது. முற்றுகையை விலக்கித் திருச்சிக்கு ஆளும் தளவாடமும் அனுப்ப வந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஜார்ஜ் பிகட்டும் உண்டு. திரும்பும் வழியில் பாளையக்காரர் ஆட்கள் வளைத்துக்கொள்ள, குதிரை வேகத்தால் இருவரும் உயிர் பிழைத்தார்கள். அந்த ஆண்டே கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். பிகட் பின்னாளில் சென்னை ஆளுநரானார். அவர்கள் தப்பிய கதை புத்தகத்தில் இருக்கிறது. மதிலுக்குள் படை குடியிருந்த நாட்களில் சன்னதித் தெருக்காரர்கள் பட்ட பாடு அதில் இல்லை.

கடந்த நூற்றாண்டில் ஊரை மாற்றியவை ரயிலும் மண்ணும். விழுப்புரம்–திருச்சி கார்டு லைனும் கடலூர்–சேலம் பாதையும் இங்கே கூடியதால் ஊர் ஜங்ஷன் ஆனது. 1956இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது. அங்கே நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடைத்தது. பக்கத்தில் மண், வாசலில் ரயில். அரசு இங்கே செராமிக் தொழிற்பேட்டையையும் அந்தத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பயிற்சி நிலையத்தையும் அமைத்தது. நான் அங்கே டிப்ளமோ முடித்துத் தொழிற்பேட்டையில் அச்சுப் பிரிவில் வேலை பார்த்தவன்.

வெண்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் பால் மில்லில் தண்ணீர் விட்டு அரைத்தால் தயிர்ப் பதத்தில் கூழ் வரும். அதை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் படியும். போதிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் பொம்மை சரியும். பிந்தினால் அச்சை விட்டு வராமல் வெடிக்கும். கடிகாரத்தை நம்பமாட்டோம். மழைநாளில் அச்சு மெதுவாகக் குடிக்கும், சித்திரையில் சட்டென்று குடிக்கும். பிறகு ஃபினிஷிங். அச்சுக் கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. விரல் நுனியால் தடவியே, கண்ணுக்குத் தெரியாத கீறலைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கீறல் 1,200 டிகிரி சூட்டைத் தாண்டும் சூளையில்தான் வாய் திறக்கும். இப்படித்தான் பீங்கான் ஃபியூஸ்களும் ஊறுகாய் ஜாடிகளும் கொலு பொம்மைகளும் கார்த்திகை அகல்களும் இங்கிருந்து ஊர் ஊராகப் போயின.

இதே வெண்களிமண் கிடைத்த இன்னோர் ஊர் பிரான்சில் இருக்கிறது; செயின்ட் இரியே என்ற சிறிய ஊர். இடைக்காலக் கோட்டையின் கோபுரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. 1768 வாக்கில் அந்த ஊர்ப் பக்கம் வெண்களிமண் கண்டெடுக்கப்பட்டது. உள்ளூர் மருத்துவர் தார்னேயின் மனைவி துணி வெளுக்கப் பயன்படுத்திய மண் அது என்று சொல்வார்கள். அந்த மண்ணால் பக்கத்து லிமோஜ் நகரம் உலகப் புகழ் பெற்றது. கோட்டையைக் காப்பதைப் போலவே அந்த மக்கள் பீங்கானையும் காக்கிறார்கள். லிமோஜில் அதற்கென்றே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது.

எங்கள் தொழிற்பேட்டையில் பல சூளைகள் அணைந்துவிட்டன. பீங்கான் ஃபியூஸ் இருந்த இடத்தில் எம்சிபி சுவிட்ச் வந்தது. ஜாடியின் இடத்தை பிளாஸ்டிக் எடுத்துக்கொண்டது. தொழிலை இன்னும் சிலர் தாங்கிப் பிடிக்கிறார்கள். கோயில் கல்வெட்டைப் படியெடுக்க ஆள் வந்ததைப் போல, மூடிய பட்டறைகளின் தாய் அச்சுகளையும் சூளைக் கணக்கு நோட்டுகளையும் எடுத்துவைக்க யாராவது வர வேண்டும். எந்த மண்ணுக்கு எந்த கிளேஸ் பூச்சு பொருந்தும் என்று மேஸ்திரிகள் மனக்கணக்காக வைத்திருப்பதைக் கேட்டு எழுத வேண்டும். ஃபினிஷிங் பெண்களின் பெயர்களையும் அதில் சேர்க்க வேண்டும். பயிற்சி நிலையத்து மாணவர்களே இதைச் செய்யலாம்; ஓர் அறையும் ஒரு பதிவேடும் போதும். அந்த மேஸ்திரிகளில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.