வணிகப் பள்ளிகளுக்கு "ரேங்க்" வந்த கதை

எம்.பி.ஏ. படிக்க நினைக்கும் ஒருவருக்கு முதலில் வரும் தலைவலி, எந்தெந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுவது என்பதுதான். விண்ணப்பக் கட்டணமும் அதிகம், நேரமும் குறைவு. ஆகவே பெரும்பாலோர் ஏதாவது ஒரு தரவரிசைப் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாக டிக் அடித்துக்கொண்டே வருகிறார்கள். ஆனால் வணிகப் பள்ளிகள் தோன்றி சுமார் நூறு ஆண்டுகள் வரை, மாணவர்கள் கையில் இப்படி ஒரு பட்டியல் பரவலாகப் புழங்கியதே இல்லை!

நிக்கல், இரும்புத் தொழில்களில் பொருள் ஈட்டிய ஜோசப் வார்ட்டன் கொடுத்த நன்கொடையில், 1881ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தொடங்கியது. 1900ல் டார்ட்மத் கல்லூரியில் டக் பள்ளி வந்தது. 1908ல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி தொடங்கி, எம்.பி.ஏ. என்ற பட்டத்தை முதன்முதலாக வழங்க முன்வந்தது. அன்று பள்ளிகளே சில. ஆகவே தேர்வு செய்வது பெரிய பிரச்சினையாக இல்லை.

பல பள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பதை எளிதாக்கியது பொது நுழைவுத் தேர்வு. 1953ல் ஒன்பது வணிகப் பள்ளிகள் கூடிப் பேசி, 1954ல் தேர்வு நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஜிமேட் என்ற பெயர் கிடைத்தது 1976ல்தான். ஒரே மதிப்பெண்ணைப் பல இடங்களுக்கு அனுப்பலாம் என்றானது.

அடுத்த திருப்பம் 1959. ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் நிதியளித்த இரண்டு தனித்தனி ஆய்வறிக்கைகள் அந்த ஆண்டில் வெளிவந்தன. வணிகப் பள்ளிகளில் பாடமும் தரமில்லை, ஆய்வும் தரமில்லை என்று இரண்டுமே கடுமையாகச் சொல்லின. பள்ளிகள் விழித்துக்கொண்டன. பொருளாதார வல்லுநர்களையும் கணித வல்லுநர்களையும் பேராசிரியர்களாக்கி, ஆராய்ச்சிக்கு முக்கியத்துவம் கொடுத்தன. ஆனால் வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்துபவரை விட, ஆய்வுக் கட்டுரை எழுதுபவருக்கே மரியாதை என்ற நிலையும் கூடவே வந்துவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் பத்திரிகைகள் உள்ளே நுழைந்தன. 1987ல் யு.எஸ். நியூஸ் இதழ், பள்ளிகளின் டீன்களிடம் கருத்துக் கேட்டு ஒரு பட்டியல் போட்டது. 1988ல் பிசினஸ்வீக் இதழ் வேறு வழியில் போனது. படித்து முடித்த மாணவர்களையும், அவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களையும் கேட்டது. முதலிடம் ஹார்வர்டுக்குக் கிடைக்கவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் பள்ளிக்குக் கிடைத்தது! ஹார்வர்ட் இரண்டாவது. குழுவாகச் சேர்ந்து வேலை செய்யும் பழக்கத்துக்குப் பெயர் பெற்ற பள்ளி கெல்லாக். கேள்வி கேட்கப்படும் ஆள் மாறியதும் விடையும் மாறிவிட்டது.

1999ல் ஃபைனான்சியல் டைம்ஸ் உலக அளவிலான பட்டியலைத் தொடங்கியது. அதில் பல ஆண்டுகள் 40 சதவீத எடை, பழைய மாணவர்களின் சம்பளத்துக்கும் சம்பள உயர்வுக்கும்தான். அதாவது டீன்கள் மதிப்பது ஒரு பட்டியல், மாணவர்கள் விரும்புவது இன்னொரு பட்டியல், சம்பளம் சொல்வது மூன்றாவது பட்டியல். மூன்றுக்கும் பெயர் மட்டும் ஒன்றே, "சிறந்த பள்ளி".

இதனால் நன்மையும் உண்டு. மாணவர் என்ன நினைக்கிறார் என்று பள்ளிகள் கவலைப்படத் தொடங்கின. பாடம் நடத்துவதிலும் வேலை தேடித் தருவதிலும் அக்கறை கூடியது. ஆனால் பட்டியலுக்காகவே பள்ளி நடத்தும் ஆசையும் வந்தது. 2004ல் ஹார்வர்டும் வார்ட்டனும், இந்தக் கருத்துக்கணிப்புகளுக்கு மாணவர்களின் தொடர்பு விவரங்களைத் தர மாட்டோம் என்று ஒதுங்கின. பட்டியல்கள் நிற்கவில்லை.

எல்லை மீறியது பிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில். அதன் ஃபாக்ஸ் வணிகப் பள்ளி நடத்திய இணையவழி எம்.பி.ஏ., யு.எஸ். நியூஸ் பட்டியலில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதலிடம் பிடித்தது. சேர்ந்த அனைவரும் ஜிமேட் எழுதியவர்கள் என்று பள்ளி கணக்குக் காட்டியது. உண்மையில் எழுதியவர்கள் ஐந்தில் ஒருவர் அளவே! 2018ல் குட்டு உடைந்தது. டீன் பதவி இழந்தார். 2021ல் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2022ல் அவருக்கு 14 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த முதலிடத்தை நம்பிப் பணம் கட்டிய மாணவர்கள் வழக்குப் போட்டார்கள், பல்கலைக்கழகம் சமரசத் தொகை கொடுத்தது. ஆனால் அவர்கள் வாங்கிய பட்டத்தின் மீது விழுந்த கறையைத் துடைக்க எந்தத் தொகை போதும்?

பட்டியலே வேண்டாம் என்பதல்ல இந்த வரலாறு சொல்வது. எண்ணைப் பார்க்கும் முன், அந்த எண்ணை யாரைக் கேட்டுப் போட்டார்கள், எதற்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள், விவரத்தைக் கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். பட்டியலோடு எப்போதும் கூடவே வரும் அந்தச் சின்ன எழுத்து விளக்கம்தான் விண்ணப்பிப்பவர் முதலில் படிக்க வேண்டிய பக்கம்.