பொழுதுபோக்குக்கு ஒரு கட்டம்

சிக்கனம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? சாயம்போன சட்டை, காய் இல்லாத சாப்பாடு, ‘எவன்டா ஃபேனைப் போட்டுட்டுப் போனது?’ என்று அறை அறையாகத் துரத்துகிற அப்பா. சிக்கனம் என்றால் கஷ்டம். அவ்வளவுதான்!

இல்லை என்று கிட்டத்தட்ட நூற்றிருபது வருடங்களுக்கு முன்பே சொன்னவர் ஒரு ஜப்பானியப் பத்திரிகைக்காரி. பெயர் ஹானி மோட்டோகோ.

1873-ல் ஹச்சினோஹே என்ற வடக்கத்தி ஊரில் பிறந்தவர். முதல் கல்யாணம் வந்த வேகத்தில் முறிந்துபோனது. டோக்கியோவில் ‘ஹோச்சி ஷிம்புன்’ நாளிதழில் புரூஃப் பார்க்கச் சேர்ந்து, கொஞ்ச நாளில் செய்தியாளர் ஆனார். ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று இவரைத்தான் சொல்வார்கள். 1901-ல், தன்னோடு வேலை பார்த்த யோஷிகாஸுவைத் திருமணம் செய்துகொண்டார். 1903 ஏப்ரலில் இருவரும் சேர்ந்து குடும்பப் பெண்களுக்கு ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். மூத்த மகள் பிறந்ததும், முதல் இதழ் வெளிவந்ததும் ஒரே வாரத்தில்!

பத்திரிகையை வாங்கியது யார்? குமாஸ்தா, வாத்தியார், சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள். மாதச் சம்பளம் என்பதே அப்போது ஜப்பானில் புதுசு. பழைய வழக்கப்படி, கடையில் கடனுக்கு வாங்கிக்கொண்டு வருடத்துக்கு இரண்டு முறை தீர்ப்பார்கள். சம்பளக்காரர் வீட்டுக்கு இது சரிப்பட்டு வருமா? இருபதாம் தேதிக்கே பர்ஸ் காலி. போதாததற்கு, 1904-ல் ரஷ்யாவோடு யுத்தம் வேறு.

அந்த வருடம் மோட்டோகோ ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். ‘கக்கேபோ’. வீட்டுக் கணக்குப் புத்தகம் என்று அர்த்தம்.

கணக்கு எழுதுவதில் என்ன அதிசயம்? பி.காம். படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: செலவழித்த பிறகு எழுதுவது வெறும் ஒப்பாரி. மோட்டோகோவின் நோட்டு, வருட ஆரம்பத்திலேயே ‘எதற்கு எவ்வளவு?’ என்று கேட்டது. கம்பெனிகள் பட்ஜெட் போடுவதுபோல வீட்டுக்கும் பட்ஜெட். அப்புறம் தினமும் எழுதி, போட்ட கோட்டைத் தாண்டினோமா என்று பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுச் செலவை அவர் பிரித்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அரிசி போன்ற பிரதான உணவு ஒரு கட்டம். மீன், காய் மாதிரித் தொட்டுக்கொள்ளும் சமாசாரங்கள் இன்னொன்று. உப்பு, சர்க்கரை, சோயா சாஸ் மூன்றாவது. ஏன் இந்த வேலை? சோற்றில் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. கை நழுவுவது எல்லாம் இரண்டாவது கட்டத்தில்தான். ‘சாப்பாடு’ என்று மொத்தமாக எழுதினால் இது கண்ணில் படவே படாது.

பொழுதுபோக்குக்கும் தனிக் கட்டம் கொடுத்தார். விருந்தாளிகளுக்கு ஒன்று, பிள்ளைகள் படிப்புக்கு ஒன்று. நாடகம் பார்க்கப் பணம் ஒதுக்கியாகிவிட்டதா? போய்ப் பார்த்துவிட்டு வா, குற்றவுணர்ச்சி வேண்டாம்!

நோட்டு பிரபலமாயிற்று. 1930-ல் வாசகிகள் சேர்ந்து தேசிய அளவில் ‘தோழிகள் சங்கம்’ அமைத்தார்கள். சிக்கமாகக் குடும்பம் நடத்தும் இத்தனை பெண்கள் ஓர் அரசாங்கத்தின் கண்ணில் பட்டால் சும்மா விடுமா?

சீனாவோடு யுத்தம் தொடங்கிய மறுவருடம், 1938-ல், தேசிய சேமிப்பு இயக்கம் வந்தது. 1941-ல் தெருவுக்குத் தெரு, ஆபீஸுக்கு ஆபீஸ் சேமிப்புச் சங்கங்கள் அமைக்கச் சட்டமே போட்டார்கள். வீடு நன்றாக இருக்க மிச்சம் பிடித்தது போய், பீரங்கிக்காக மிச்சம் பிடிப்பது என்றாகிவிட்டது. வருத்தமான விஷயம், மோட்டோகோவும் அவருடைய சங்கமும் இதற்குக் கைகொடுத்தார்கள்.

1940-ல் டோக்கியோ தெருக்களில், ‘ஆடம்பரம் எதிரி’ என்று பலகைகள் முளைத்தன. எதிரிக்கு ஜப்பானிய மொழியில் ‘தெக்கி’. அதற்கு முன்னால் ‘ஸு’ என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் ‘ஸுதெக்கி’. அதாவது, பிரமாதம்! யாரோ சில குறும்பர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அந்த ஓர் எழுத்தை எழுதிவிட்டுப் போனார்களாம். ‘ஆடம்பரம் பிரமாதம்!’

யுத்தம் முடிந்தது. விலைவாசி விண்ணுக்குப் போனது. 1946 பிப்ரவரியில் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். எவ்வளவு போட்டிருந்தாலும் குடும்பத் தலைவருக்கு மாதம் 300 யென், மற்றவர்களுக்குத் தலைக்கு 100 யென். அதற்குமேல் எடுக்க முடியாது. வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையெல்லாம் பணவீக்கம் தின்று தீர்த்தது.

அத்தனை பட்ட பிறகும் ஜப்பானியர்கள் நோட்டைக் கைவிடவில்லை. சேமிப்பை வளர்க்க 1952-ல் ஒரு மத்தியக் குழு அமைந்தது. அதுவும் கணக்கு நோட்டுகளை விநியோகித்தது. எழுபதுகளின் நடுவில் ஜப்பானியக் குடும்பங்கள் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே சேமித்தன. இப்போது முதியவர்கள் பெருகிவிட்டார்கள், சம்பளமும் நெடுநாள் ஏறாமலே இருந்தது. அந்த விகிதம் எங்கேயோ கீழே கிடக்கிறது.

மோட்டோகோ 1957-ல் காலமானார். அவருடைய நோட்டு இன்றைக்கும் வருடாவருடம் வெளிவருகிறது. சாப்பாட்டுக்கு அதே மூன்று கட்டங்கள். பொழுதுபோக்குக்கு ஒன்று.