சுருங்கிய பெயரும் முழுப் பெயரும்



பேராக் மாநிலத்தில் 'சுங்கை' என்று தொடங்கும் ஊர்கள் பல. ஈப்போவிற்கு வடக்கே சுங்கை சிப்புட். தெலுக் இந்தானுக்கு அருகே சுங்கை மாணிக். ஊரைப் பிரித்துக் காட்டுவது பெயரின் பின்பாதியே. அப்பகுதியைக் கணினி வெட்டிவிட்டால் என்னவாகும்?

1981-இல் ஐ.பி.எம். கணினியுடன் வந்த டாஸ் இயங்குதளம், கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்துகளும் வகையைக் குறிக்க மூன்று எழுத்துகளும் மட்டுமே அளித்தது. கேரி கில்டால் உருவாக்கிய சி.பி./எம். இயங்குதளத்தில் முன்னரே இருந்த வழக்கம் இது. 1995-இல் வந்த விண்டோஸ் 95, பெயரின் நீளத்தை 255 எழுத்துகள் வரை உயர்த்தியது. ஆயினும் பழைய மென்பொருள்களுக்கு எட்டெழுத்தே புரியும். ஆகவே ஒவ்வொரு நீண்ட பெயருக்கும் ஒரு குறும்பெயரும் தரப்பட்டது: முதல் ஆறு எழுத்துகள், ஓர் அலைக்குறி, ஓர் எண்.

'சுங்கை' என்பது ரோமன் எழுத்தில் சரியாக ஆறு எழுத்து! எனவே முதலில் உருவாக்கிய கோப்புறை 'சுங்கை~1', அடுத்தது 'சுங்கை~2'. அந்த எண் ஊருக்கு உரியதன்று. உருவான வரிசைக்கு உரியது.

இதை நான் பட்டறிந்தே கற்றேன். மலர் ஒன்றிற்காகப் பழைய ரப்பர்த் தோட்டங்களின் படங்களை இவ்வாறு இரண்டு கோப்புறைகளில் சேர்த்திருந்தேன். பழைய மென்பொருள் ஒன்று காட்டிய குறும்பெயர்களைக் கொண்டே படக்குறிப்புகளை எழுதினேன். புதிய கணினிக்கு நகலெடுத்தபோது அகர வரிசைப்படி மாணிக் முதலில் சென்று '1' ஆனது. சிப்புட் '2' ஆனது. அச்சுக்கு முன் முதியவர் ஒருவர் பார்த்து, "இது எங்கள் தோட்டமில்லையே, ஐயா" என்றார். அந்தத் தோட்டம் இன்று இல்லை. அவர் மட்டும் பார்த்திராவிட்டால் பிழையே வரலாறாகியிருக்கும்.

குறும்பெயரிலிருந்து முழுப் பெயரைக் கணக்கிட்டு அறிய இயலாது. இரண்டும் வட்டில் பதிவாகியிருப்பதால், அங்கேதான் கேட்டறிய வேண்டும். விண்டோஸ் 95 காலத்து நிரலாளர்கள் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கோப்புறையாகத் தேடி, முழுப் பெயர்களை இணைத்தனர். விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 ஆகியவற்றில் 'கெட்லாங்பாத்நேம்' என்னும் செயற்கூறு அவ்வேலையை ஏற்றது. நாமும் கட்டளைச் சாளரத்தில் 'டிர் /எக்ஸ்' என்று இட்டால், குறும்பெயர்கள் இருக்குமிடத்தில் இரண்டையும் அருகருகே காணலாம்.

ஆனால் மூலக் கோப்புறை அழிந்தபின் குறும்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தச் செயற்கூறாலும் பயனில்லை.

ஆகவே பெற்றோர்களே, தாத்தா பாட்டியின் படங்களைக் கணினியில் ஏற்றும்போது 'படம்1', 'படம்2' என்று விடாதீர்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, படத்தில் உள்ளோர் பெயர் அனைத்தையும் முழுமையாக எழுதுங்கள். கேட்டால் சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.