எம்.சி.ஆர். செருப்பு பிறந்த கதை

தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழுந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் பால் பிராண்ட். 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். அங்கே ஊழியம் செய்த ஜெஸ்ஸி – ஈவ்லின் தம்பதியரின் மகன். லண்டனில் கட்டட வேலையும் தச்சும் கற்று, பிறகு அறுவை மருத்துவரானார். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டு தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடியில் பிராண்டுக்கே வலித்தது. எல்லோரும் கைவிட்ட கையில் அத்தனை பலம் இருந்தது.

இன்னொரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. விரலைப் பார்த்தால் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டு! அவனுக்கு அது தெரியவே இல்லை. நோய் உணர்வைத்தான் எடுத்துக்கொள்கிறது, விரலைத் தின்பது வலி தெரியாமல் படுகிற காயம் என்பது பிராண்டுக்கு உறைத்தது.

பாதத்திலும் இதே கதைதான். புண் வந்த காலில் மாவுக்கட்டு போட்டு ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினால் அதே இடத்தில் மறுபடி புண். இயேசு தொழுநோயாளியைத் தொட்டார் என்று படித்து வளர்ந்த பிராண்டும் உடன் உழைத்தவர்களும் அந்தப் பாதங்களைக் கையில் ஏந்தி, எடை எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். இரக்கப்பட்டு மருந்து கட்டி அனுப்புவதோடு விட்டிருந்தால் அந்தக் கால்கள் மிஞ்சியிருக்காது. வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் பலவகைப் பாதணிகளைச் செய்து பார்த்த பிறகு கைகொடுத்தது மைக்ரோசெல்லுலார் ரப்பர். அதன் சுருக்கம்தான் எம்.சி.ஆர். உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருப்பதால், மிதிக்கிற எடையை ஒரே இடத்தில் குவியவிடாமல் பாதம் முழுக்கப் பரப்பிவிடும்.

அதற்கு அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி ஒன்றுகூட அடிக்கக் கூடாது. மேலே கிளம்பிக் குத்தினாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது. தையலும் பசையும்தான். கழன்று விழுந்தாலும் தெரியாது என்பதால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். இப்படி ஒவ்வொரு சிறு விஷயத்திலும் நோயாளியின் இடத்தில் தன்னை வைத்து யோசித்த ஒருவர் இருக்கிறார். நம் ஊரில் விசுவாசம் எடுத்த உருவங்களில் இந்தச் செருப்பை நான் மிக உயரத்தில் வைப்பேன்.

ஆனால் செருப்பைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்து ஊர் ஒதுக்கியது. பலர் அதைப் போடவே கூசினார்கள். அதனால்தான் பின்னாளில் கடைச் செருப்பு போலவே நிறமும் வடிவமும் மாற்றிச் செய்தார்கள்.

இன்று இந்தச் செருப்பைச் சர்க்கரை நோயாளிகளும் போடுகிறார்கள். அவர்களுக்கும் பாதம் மரத்துப்போகும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இரவு படுக்கும் முன் அவர் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.