பஞ்சு புகட்டும் பாடம்: சிகாகோவும் வர்தாவும்

நடுநிலை வகுப்புகளில் பாடங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கற்பிப்பது பற்றிய விவாதம் பெரும்பாலும் எந்தச் செயலோடு எந்தப் பாடம் சேரும் என்பதிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாணவர் கையில் வேலை சரிவர வராதபோது, பள்ளி அதை எந்தக் கணக்கில் எழுதுகிறது? செயல்வழிக் கல்வியில் பிள்ளைகள் உண்மையில் எதைக் கற்கிறார்கள் என்பதை இந்தக் கேள்விக்கான விடையே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் வாதம். பருத்தியைப் பாடப்பொருளாகக் கொண்ட இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்தால் இது தெளிவாகும்.

முதலாவது, கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனைப் பள்ளி. 1896 ஜனவரியில் 16 பிள்ளைகளோடும் இரண்டு ஆசிரியர்களோடும் அது தொடங்கியது. 1899இல் வெளிவந்த ‘பள்ளியும் சமுதாயமும்’ என்ற நூலில், 10, 12, 13 வயதுப் பையன்களும் பெண்களும் தையலிலும் நெசவிலும் ஈடுபட்டதை டூயி விவரிக்கிறார். ஆளி நார், பருத்தி, கம்பளி ஆகியவற்றைப் பக்குவப்படுத்தாத நிலையிலேயே பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஒரு குழு அரைமணி நேரம் உட்கார்ந்து, கொட்டையிலிருந்து பஞ்சைக் கையாலேயே பிரித்தது. சேர்ந்தது ஒரு அவுன்சுக்கும் குறைவு. அரைமணிக்கு ஒரு அவுன்சு என்று தாராளமாகவே வைத்தாலும், எட்டு மணிநேர உழைப்புக்கு 16 அவுன்சு, அதாவது ஒரு பவுண்டுதான் தேறும். தங்கள் முன்னோர் பருத்தியை விட்டுக் கம்பளி உடுத்தியது ஏன் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது விளங்கியது.

இங்கே கணக்கை யாரும் வலிந்து நுழைக்கவில்லை. விரல் நோவுக்கும் தட்டில் கிடந்த பஞ்சுக்கும் இடையே இருந்த பொருத்தமின்மைதான் கணக்கைக் கேட்டது. பஞ்சு கொட்டையை ஏன் இப்படிப் பற்றிக்கொள்கிறது என்ற கேள்வியில் தாவரவியல் வந்துசேர்கிறது. வழவழப்பான பருத்தி இழையைவிடச் சொரசொரப்பான கம்பளி இழை எளிதில் முறுக்கேறுவது ஏன் என்ற கேள்வியில் இயற்பியல் இருக்கிறது. நல்ல ஆசிரியர் இன்னும் தொலைவு போகலாம். 1793இல் எலி விட்னி பருத்திக்கொட்டை நீக்கும் எந்திரத்தை உருவாக்கினார். பஞ்சு பிரிக்கும் வேலை எளிதாயிற்று. ஆனால் அமெரிக்கத் தெற்கில் பருத்திச் சாகுபடி பெருகியது, அதோடு அடிமைமுறையும் பெருகியது. 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 40 லட்சத்தை நெருங்கியது. உழைப்பைக் குறைக்க வந்த கருவி எப்படி அடிமைகளைப் பெருக்கியது? அந்த அரைமணி நேரம் உட்கார்ந்த பிள்ளையிடம் இதைக் கேட்கலாம். வரலாற்றுப் புத்தகத்தை மட்டும் படித்த பிள்ளைக்கு இக்கேள்வியின் கனம் எட்டுவது கடினம்.

விளைச்சலாகப் பார்த்தால் அந்த அரைமணி நேரம் படுதோல்வி. இத்தனை கேள்விகளையும் திறந்துவிட்டது அந்தத் தோல்விதான். பள்ளியில் செய்யும் தொழில் பொருளாதார நெருக்கடியிலிருந்து விடுபட்டிருக்க வேண்டும் என்று டூயி அதே நூலில் வலியுறுத்துவதன் பொருளும் இதுவே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பள்ளி முதலில் எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஆசிரியர் என்ற முறையில்தான் தொடங்கியது. விரைவிலேயே அதைக் கைவிட்டு, துறைவாரியாக வல்லுநர்களை அமர்த்தி, வாராந்தரக் கூட்டங்களில் அவர்களைக் கலந்துபேச வைத்தது. பாட எல்லைகளைக் கடக்க விரும்பிய பள்ளி பாட வல்லுநர்களைத் தேடிப்போனது முரண்போலத் தோன்றும். ஆனால் ‘பஞ்சு ஏன் ஒட்டுகிறது?’ என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கும்போது, தாவரவியலை ஆழ்ந்து கற்றவரால்தான் அக்கேள்வியை மழுப்பாமல் எதிர்கொள்ள முடியும்.

இரண்டாவது முயற்சி காந்தியின் ஆதாரக் கல்வி. 1937 அக்டோபரில் வர்தாவில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. யாழ்ப்பாணத்தவரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம் அதன் அமைப்பாளர். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதில் ஓர் உறுப்பினர். 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குழு வகுத்த பள்ளிநாள் ஐந்தரை மணி நேரம். அதில் நூற்பு போன்ற மூலத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். சமூகப் பாடத்துக்கும் பொது அறிவியலுக்கும் 30 நிமிடம். தொழிலின் வழியாகவே பிற பாடங்கள் பிறக்கும் என்பது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பில் தவறில்லை. சிகாகோவில் அது நடந்தும் காட்டியது.

ஆனால் நூல் நூற்கும் வர்தாவின் தக்ளிக்கு இன்னொரு கடமையும் இருந்தது. பிள்ளைகள் நூற்ற நூலின் வருமானம் பள்ளிச் செலவுக்கு உதவ வேண்டும். இதன் பின்னணியை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று மாகாணக் கல்விக்கான பணத்தில் பெரும்பங்கு கள், சாராய வரியிலிருந்து வந்தது. மதுவிலக்கும் வேண்டும், ஏழைக் கிராமங்களுக்கு இலவசக் கல்வியும் வேண்டும் என்ற காந்திக்குப் பள்ளியே ஓரளவு சம்பாதிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. டூயிக்கு அந்த நெருக்கடி இல்லை. கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களின் பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். உச்சநிலையில் சுமார் 140 பிள்ளைகளுக்கு 23 ஆசிரியர்கள் இருந்தார்கள்.

ஆயினும் விளைவு விளைவுதான். வருமானம் கணக்கில் ஏறிய கணமே, அறுந்த இழை நட்டமாகிவிடுகிறது. ‘ஏன் அறுந்தது?’ என்று நின்று யோசிக்கும் பிள்ளை சிட்டம் முடிக்கப் பிந்துகிறது. ஆசிரியர்கள் அறிவு வளர்ச்சியை மறந்து பிள்ளைகளிடம் உழைப்பைக் கறக்க முற்படக்கூடும் என்று ஜாகிர் உசேன் குழுவே தன் அறிக்கையில் எச்சரித்தது. குழு அந்த ஆபத்தைக் கண்டும், அதைத் தன் திட்டத்திலிருந்து விலக்க இயலாமல் போனதை ஆதாரக் கல்வியின் ஆழ்ந்த துயரமாகவே நான் பார்க்கிறேன்.

சாதியால் தாழ்த்தப்பட்ட கைகளின் வேலையை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கியது அத்திட்டத்தின் துணிச்சல். கிருஷ்ண குமார் போன்ற கல்வியாளர்கள் இதைச் சரியாகவே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டமோ, மீதி அரைநாளில் பிள்ளை தன் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. அந்தத் துணிச்சலை இது தலைகீழாக்கியது. குலக்கல்வி என்று தமிழகம் அதை எதிர்த்தது நியாயம்; 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. ஆனால் அந்த நியாயமான கோபத்தில், கைத்தொழில் அறிவுக்கு ஊற்றாகலாம் என்ற எண்ணமும் நம்மிடையே சந்தேகத்துக்கு உள்ளாயிற்று.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பத்து நாள் புத்தகப்பை இல்லாக் காலத்தைப் பரிந்துரைக்கிறது. அந்நாட்களில் பிள்ளைகள் தச்சரிடமும் குயவரிடமும் சென்று பழகலாம். குலக்கல்வியின் நினைவு இங்கே எழுவது இயல்பே. அந்த அச்சத்தோடு இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. சூளையில் வெடித்த பானையோடு பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்போது, களிமண்ணின் ஈரத்தையும் வெப்பத்தால் பொருள் விரிவடைவதையும் அதைக்கொண்டே நடத்தும் உரிமையும் நேரமும் அறிவியல் ஆசிரியருக்கு வேண்டும். அந்தப் பானைக்கு விலை எவ்வளவு, இடைத்தரகருக்கு எவ்வளவு, குயவருக்கு எவ்வளவு என்பதைச் சமூகப் பாட வகுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். பதினோராம் நாள் வழக்கமான கால அட்டவணையே திரும்புமானால், வெடித்த பானை குப்பைக்குத்தான் போகும்.