பெற்றோல் இல்லாத பெற்றோல்மக்ஸ்

திருகோணமலையில் அதைப் 'பெற்றோல்மக்ஸ்' என்றே சொல்கிறோம். அதற்கும் பெற்றோலுக்கும் உறவில்லை. 1910ஆம் ஆண்டளவில் பெர்லின் நகரில் மக்ஸ் கிரெற்ஸ் என்பவரின் தொழிற்சாலையில் உருவான மண்ணெண்ணெய் விளக்கு அது. 'பெற்றோலியம்', 'மக்ஸ்' என்னும் இரண்டும் சேர்ந்து 'பெற்றோமக்ஸ்' ஆயிற்று. நம் நாவில் ஒரு 'ல்' கூடிவிட்டது. வழக்குச் சொல்லைத் திருத்த நான் வரவில்லை. ஆனால் பெயரை நம்பி எவரும் அதற்குள் பெற்றோல் ஊற்றிவிடக் கூடாது, அது வெடிக்கும்.

பிறந்த இடம் பெர்லின் என்றாலும் அதன் ஒளி நமக்கு முற்றிலும் அந்நியமன்று. வெண்ணொளி தருவது மென்டில் என்னும் சிறு வலைப்பை. ஒஸ்திரிய இரசாயனவியலாளர் அவுவர் வொன் வெல்ஸ்பாக் 1885இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் தோரியம் சேர்த்துச் செம்மைப்படுத்தினார். அந்தத் தோரியத்தை உலகம் தேடிய நாட்களில், 1904இல், சப்ரகமுவப் பகுதியில் தோரியனைற்று என்னும் கனிமத்தைக் கண்டெடுத்தவர் நம் ஆனந்த குமாரசுவாமி. கலைத் தத்துவம் எழுதியவரேதான். அப்போது அவர் இலங்கைக் கனிமவள ஆய்வுப் பணியில் இருந்தார். 1909இல் ஷொம்பேர்க் என்ற ஜேர்மனியர், கயிற்றில் ஒட்டிவந்த மணலைக் கொண்டு மணவாளக்குறிச்சிக் கரையின் மொனசைற்றை அறிந்தார். அதே மொனசைற்று நமது மாவட்டத்துப் புல்மோட்டை மணலிலும் உண்டு.

பிரித்தானியர் இத்துறைமுகத்தில் 1920களிலிருந்து எண்ணெய்த் தாங்கிகள் கட்டினர். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு வீசியபோது ஒரு தாங்கி பற்றியெரிந்தது. அவ்வளவு எண்ணெயும் கப்பல்களுக்கு. சுற்றியிருந்த ஊர்களுக்குக் குப்பி விளக்குத்தான். கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் விடிய விடிய நடக்கும் கூத்துக்கும் பெற்றோல்மக்ஸ் வந்தால், அன்றிரவு ஊரே பகலாகும்.

பின்னர் மின்சாரம் வந்தது, போரும் வந்தது. 1990இலிருந்து வடக்கில் மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் எரிந்த சிறு திரியில் பிள்ளைகள் படித்தார்கள். பெற்றோல்மக்ஸ் பரணில் ஏறியது. 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது பலர் அதை இறக்கினர். மண்ணெண்ணெய்க்கு வரிசை, அந்த ஆவணியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. எண்ணெய் கிடைத்த வீட்டிலும் விளக்குப் பற்றவில்லை.

காரணம் எளிது. தாங்கியில் விட்டுவைத்த எண்ணெய் பிசினாகிக் குழாயை அடைத்திருக்கும். பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். பழைய எண்ணெயை முழுதாக வடித்து, புதிய மண்ணெண்ணெய் சிறிது விட்டுக் குலுக்கிக் கழுவவேண்டும். தோல் வாஷரை ஓரிரவு எண்ணெயில் ஊறவிட்டு, விளிம்பை விரித்து மாட்டவேண்டும். நிப்பிளின் துளையை அதற்குரிய ஊசியால் மட்டும் குத்தவேண்டும்; துளை பெருத்தால் சுவாலை கெடும். காற்றடித்து, மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவினால் கசிவு தெரியும். கசியும் விளக்கை ஏற்றவே கூடாது. எரிந்த மென்டில் வெறும் சாம்பல். பழையவற்றில் தோரியத்தின் சிறு கதிர்வீச்சும் உண்டு. ஊதாமல், வெளியில் வைத்துக் கழற்றிக் கை கழுவுங்கள். முதல் ஏற்றலும் முற்றத்திலேயே நடக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

நம் பழம்பொருட்களில் பல கெட்டது பாவிப்பால் அன்று, பாவிக்காமையால். ஏடுகளுக்கு நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. விளக்கை வைத்திருப்பது வேறு. ஏற்றத் தெரிந்திருப்பது வேறு. இந்தக் கைப்பழக்கம் எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. திருவிழாக்களில் விளக்குக்குக் காற்றடித்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை விளக்கை இறக்கி, அவர்களை அழைத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி ஏற்றிப் பாருங்கள். அணைத்தபின் எண்ணெயை வடித்து வைக்க மறவாதீர்கள்.